இடப்பக்கம் வந்தது

ஜூன் 11, புதன்

காற்று. மலைமேல் மழை போல. இங்கே ராஜபாளையத்தில் தூறல்கூட இல்லை. மாடித் தொட்டி கழுவினேன். அரை நாள் ஓடியது.

விடுப்பில் பத்தாம் நாள். தாளில் ‘ஓய்வு’ என்று போட்டிருக்கிறார்கள். யார் கேட்டது ஓய்வு? 19-ம் தேதி விமானப்படை மருத்துவக் குழு. தேறினால் மறுபடி விமானம். இல்லாவிட்டால் மேஜை, நாற்காலி, கோப்பு.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா. ராணுவத்திலிருந்து ஹவில்தாராக வெளியே வந்து எத்தனையோ வருஷம், குரல் மட்டும் இன்னும் அணிவகுப்பில்.

“ஏலே, நெசத்தைச் சொல்லு. பிளேனை எங்கயாச்சும் இடிச்சிட்டியா?”

“இல்லப்பா.”

“பொறவு எதுக்கு வீட்டுக்கு அனுப்புனாவ?”

பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் மனைவி செல்விக்கு மட்டும் வந்த அன்றே சொல்லிவிட்டேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். கணக்கு டீச்சர், தக்காளி வாங்கினாலே நாலு கேள்வி கேட்பவள். இதற்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. உறுத்துகிறது.

ஜூன் 12, வியாழன்

வெயில். தலைமுடி வெட்டணும். ஷூ பாலிஷ் வாங்கணும்.

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பிறர் சொல்லிச் சொல்லி மாறிவிடும் முன்.

மே மாதம், காலை பத்தே முக்கால். பயிற்சிப் பறப்பு. இருபத்தெட்டாயிரம் அடி. மேகமே இல்லை. முன்னால் நான், பின் இருக்கையில் தினேஷ் (தி.). தென்காசிக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம். இடப்பக்கம், இறக்கையிலிருந்து முந்நூறு மீட்டரில் ஏதோ ஒன்று. சாம்பல் நிறம். முட்டை வடிவம். எங்கள் விமானத்தில் பாதி இருக்கும். இறக்கை இல்லை, புகை இல்லை. நான் வலதுபக்கம் திரும்பினேன், அதுவும் திரும்பியது. வேகம் குறைத்தேன், அதுவும் குறைத்தது. நாற்பது விநாடி. பிறகு நேர் மேலே. போய்விட்டது.

தி. சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை: “சார், இடப்பக்கம். என்ன சார் அது?”

கீழே இறங்கி நான் அறிக்கை எழுதினேன். அவனும் எழுதினான்: ‘கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எதையும் பார்க்கவில்லை.’ விமானத்தின் ஒலிப்பதிவில் அந்த நேரத்துக்கு வெறும் இரைச்சல் என்கிறார்கள். எனக்குப் போட்டுக் காட்டவில்லை. எனக்கு மட்டும் ‘ஓய்வு’.

செல்வி பற்றி:

- போன் வந்தால் கொல்லைக்குப் போகிறாள்.
- என் மாத்திரை டப்பாவை யாரோ திறந்திருக்கிறார்கள். உள்ளே காய்ச்சல் மாத்திரைதான்.
- “ராத்திரி தூங்குனீயளா?” காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

துணி காயப்போடும் சாக்கில் நின்று அவள் போனில் பேசுவதைக் கேட்டேன். “ஆமா, தூங்குறாவ... சத்தமெல்லாம் போடல... சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல வச்சுப் பேசுவோம்.”

யாரிடம்? தளத்து டாக்டரா? என் பெண்டாட்டியை வைத்து என்னையே வேவு பார்க்கிறார்களா?

முனைக் கடையில் ஒருத்தர் என் வீடு விசாரித்தாராம். விசாரித்ததில், இன்சூரன்ஸ் ஏஜென்ட். அப்பாவைப் பார்க்க வந்தவர். நெஞ்சு அடங்க அரை மணி நேரம்.

ஜூன் 14, சனி

கூட வேலை பார்க்கிறவள் வீட்டு வளைகாப்பு என்று காலையில் பஸ் ஏறினாள். சாதாரணச் சேலை. வளைகாப்புக்கு அப்படிப் போகமாட்டாள்.

அப்பாவின் பைக்கில் பஸ் பின்னாலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டல். நேரே உள்ளே போனாள். ஐந்து நிமிடம் விட்டு நானும். மூலை மேஜை, அதன்மேல் அவள் போன். எதிரே உட்கார்ந்திருந்தது தினேஷ்.

என்னைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றான். சர்வர் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டினார். செல்வி அசையவில்லை.

“வந்துட்டீயளா. உக்காருங்க. பஸ்ல வரும்போதே பைக்கைப் பாத்துட்டேன்.” அவனிடம் திரும்பினாள். “தம்பி, எங்கிட்டச் சொன்னதை அவியகிட்டச் சொல்லு.”

தி. மேஜையைப் பார்த்தபடி: “பார்த்தேன் சார். நீங்க பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன்.”

“பிறகு ஏன் அப்படி எழுதினே?”

“பார்த்தேன்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சிருவாங்க சார். வீட்ல அவளுக்கு ஆறாம் மாசம். எனக்குப் பறக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. எழுதுறதுக்கு முந்தி ஒருத்தர் வந்து, யோசிச்சு எழுதுன்னார்.”

“யாரு?”

வேண்டாம் என்று தலையாட்டினான்.

அடிக்கணும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கணும் போலவும்.

“பலூன்னு சொல்லிருங்க சார். எல்லாம் முடிஞ்சிரும்.” டீயைத் தொடாமல் போனான்.

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து செல்வி: “உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருச்சோ, இல்லாததைப் பாக்கியளோன்னு பயந்தேன். உங்ககிட்டயே எப்படிக் கேக்க? அதான் அவனைத் தேடிப் பிடிச்சேன்.”

சேத்தூர் பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. பைக்கை ஓரத்துக்கு ஒடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

புழுக்கம். கறிக்கடையில் கூட்டம்.

செல்வி தன் போனை நீட்டினாள். ஓட்டலில் மேஜைமேல் கிடந்ததே, அது. எல்லாம் பதிவாகியிருக்கிறது.

கேட்டேன். “பார்த்தேன் சார்.” திரும்பவும் போட்டேன். ஐந்தாவது தடவையில் அழுதுவிட்டேன்.

இதைக் குழுவிடம் கொடுத்தால் எனக்குப் புத்தி தடுமாறவில்லை என்று ஆகும். தி. பொய் எழுதியவன் என்று ஆகும். வேலை போகும்.

மூன்று மணிக்கு அழித்தேன்.

“அழிச்சிட்டீயளா? உங்களுக்குக் கூறு இருக்கா?” அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. இன்னொரு பிரதி வைத்திருப்பாளோ? கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள், நான் நம்பமாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நாளை கிளம்பணும். சீருடை இஸ்திரி ஆச்சு.

காலையில் தளத்திலிருந்து படிவம். குழுவுக்கு முன்கூட்டியே நிரப்பி அனுப்பணும். பதினோராவது கேள்வி: பார்த்தது பலூனாகவோ கண்ணாடியில் பட்ட வெளிச்சமாகவோ இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? எவ்வளவு அன்பாகக் கேட்கிறார்கள்.

‘இல்லை’ என்று எழுதினேன்.

பன்னிரண்டு: உடனிருந்தவரும் பார்த்தாரா?

ஒரு மணி நேரம் அதிலேயே நின்றேன். ஆம் என்றால் அவனைக் காட்டிக் கொடுப்பது. இல்லை என்றால் என் வாயாலேயே பொய். செல்வி பின்னால் வந்து நின்று படித்தாள். தோளில் கை வைத்தாள்.

எழுதியது: ‘அவரையே மறுபடி கேளுங்கள்.’

அனுப்பிவிட்டு தி.-யைக் கூப்பிட்டேன்.

“உன்னைத் திரும்பக் கேப்பாங்க.”

“நான் என்ன சார் சொல்லணும்?”

“அதை நான் சொல்லமாட்டேன்.”

பின்னால் அவன் மனைவி ஏதோ கேட்கிறாள். அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.