முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு

சார்,

இன்று காலை நர்ஸ் பெண் ஒருத்தி என் கால்மாட்டில் குனிந்து, கணுக்காலைப் பிடித்து, வீக்கம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். எல்லா நோயாளிக்கும் செய்வதுதான். எனக்கோ உடம்பு தூக்கிப் போட்டது. "என்ன தாத்தா, கூச்சமா இருக்கா?" என்று சிரித்தாள். கூச்சம் இல்லை சார். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நாளைக் காலை எனக்கு இருதய ஆபரேஷன். எங்கே அடைப்பு, எந்தக் குழாயை எடுத்து எங்கே தைப்பார்கள் என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். வகுப்பில் உங்களுக்குத் தலையாட்டியது போல அவருக்கும் தலையாட்டினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இத்தனை வயதாகியும் பயம் என்று வந்துவிட்டால் உங்களிடம்தான் வந்து நிற்கிறேன், என்ன செய்வது.

கல்லூரியில் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இருந்த அந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். வேலைவாய்ப்பு ஆலோசனைப் பிரிவு என்று வாசலில் ஒரு போர்டு தொங்கும். பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த உங்கள் தலையில், வேறு யாரும் வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு கரும்பலகை, ஓர் அலமாரி. அலமாரியில் ஒரு டையும் ஒரு ஜோடி ஷூவும் இருக்கும். அன்றைக்கு எவனுக்கு இன்டர்வியூவோ அவனுக்கு அந்த ஷூ. கால் சின்னதென்றால் நுனியில் பேப்பரைத் திணித்துக்கொள்ள வேண்டும். கால் பெரியதென்றால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பீர்கள். எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர் அல்லவா, ஆண்டவரை எதற்கும் இழுத்துக்கொள்வீர்கள்.

அந்த நாட்களில் பட்டம் வாங்குவது பயமில்லை, வாங்கிய பிறகுதான் பயம். எங்களுக்கு முன்னால் படித்து முடித்த அண்ணன்மார் வேலையில்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கடந்துதான் தினமும் கல்லூரிக்குள் போக வேண்டும். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது நாங்கள் நடையை எட்டிப் போடுவோம். அந்தப் பயத்தோடுதான் சனிக்கிழமைகளில் உங்கள் அறைக்கு வருவோம். நீங்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மேனேஜர் ஆகிவிடுவீர்கள். கதவைத் தட்டி "மே ஐ கம் இன் சார்" என்று நுழைய வேண்டும். கரும்பலகையின் உச்சியில் ஒரு வரி எழுதி, அதை யாரும் அழிக்கக் கூடாது என்று சுற்றிலும் கட்டம் போட்டிருந்தீர்கள்: பயத்தைக் காட்டாதே.

உங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தாலும், பையனை அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். உப்புக் கம்பெனியோ மில்லோ, அங்கே நாற்காலி ஆடாமல் இருக்கிறதா, கூரையில் பேன் ஓடுகிறதா, மேனேஜர் பையன்களை வாடா போடா என்கிற ஆளா என்று பார்த்துவிட்டு வருவீர்கள். "நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வாரேன்லே" என்பீர்கள். சார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருக்கிறார் என்று எங்களுக்குள் கேலி செய்துகொள்வோம். வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, "பேன் இல்லலே, வேண்டாம்" என்று நீங்கள் சொன்ன இடங்கள் உண்டு. வேலையே கிடைக்காத ஊரில் பேன் பார்த்த ஒரே மனிதர் நீங்கள்தான்.

ஒரு கப்பல் ஏஜென்சியில் விடுமுறைக்குப் பயிற்சியாக ஒரு பையன் வேண்டும், பிடித்திருந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று அந்த வருடம் சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் போய் அவர்கள் ஆபீசைப் பார்த்தீர்கள். மேஜை, நாற்காலி, ஓடுகிற பேன். திருப்தியாகி என் பேரைக் கொடுத்துவிட்டு, ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே பஸ் பிடித்து வந்தீர்கள், அம்மாவிடம் சொல்ல.

அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. எனக்கு மூத்தவனை நான் பிறக்கும் முன்பே ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிற ஆற்றில் என்னை முழங்காலுக்கு மேல் இறங்க விட்டதில்லை. ஆற்றங்கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாதவன் எங்கள் ஊரிலேயே நான் ஒருவன்தான். "கப்பலுங்கீயளேய்யா. கடலுக்குள்ள போவணுமா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆபீஸ் வேலைதாம்மா. உக்காந்து எழுதுற வேலை. நானே போய்ப் பாத்துட்டேன்லா" என்றீர்கள். அவள் முகம் தெளியவில்லை. "இவன் கால் வைக்கிற எடத்துல முதல்ல நான் கால் வச்சுப் பாத்துட்டுத்தாம்மா இவன விடுவேன்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டபிறகுதான் அவள் உங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்டர்வியூவுக்குக் காலையில் படகுகள் கட்டுகிற ஜெட்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து ஆபீசுக்குக் கூட்டிப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டோம். நான் டை கட்டி, உங்கள் ஷூவை மாட்டி, மே ஐ கம் இன் சார் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். நீங்கள் கஞ்சி போட்ட சட்டையும் குடையுமாக நின்றீர்கள். ஏஜென்சி மேனேஜர் வந்தார். கடற்கரைக்காரர், குட்டையான ஆள், வாயில் சுருட்டு. என்னை மேலிருந்து கீழே பார்த்தார். ஷூவில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "இன்டர்வியூ இங்கன இல்ல, அங்கன" என்று கடலைக் காட்டினார்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்காத காலம். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும். ஏஜென்சி ஆள் லாஞ்சு எனும் மோட்டார் படகில் போய், கப்பல் பக்கவாட்டில் தொங்குகிற நூலேணியில் ஏறி, கேப்டனைப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆபீஸ் நாற்காலியெல்லாம் வேறு யாருக்கோ போட்டிருந்தது.

நீங்கள் ஜெட்டியிலேயே நின்றிருக்கலாம் சார். மேனேஜரும் "நீங்க இங்கனயே இருங்க சார்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், கடலைப் பார்த்தீர்கள், குடையை மடக்கிக்கொண்டு லாஞ்சில் இறங்கினீர்கள். கடலைப் புரட்டுகிற கச்சான் காற்று தொடங்கியிருந்தது. கரை தாண்டியதும் லாஞ்சு எழும்பி விழ ஆரம்பித்தது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். நீங்கள் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, "பயத்தக் காட்டாதலே" என்றீர்கள். உங்கள் உதடு வெளுத்திருந்தது.

கப்பலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். நிமிர்ந்தால் வானம் தெரியவில்லை, கறுத்த இரும்புச் சுவர்தான் தெரிந்தது. அதில் கயிறும் மரப்படியுமாக ஏணி தொங்கியது. லாஞ்சு மேலே எழும்பும்போது ஏணி கைக்கு எட்டும், கீழே போகும்போது தலைக்கு மேலே போய்விடும். எழும்புகிற நேரம் பார்த்துத் தாவிப் பிடிக்க வேண்டும். பிந்தினால் லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் கால் நசுங்கும். மேனேஜர் இதையெல்லாம் சுருட்டை எடுக்காமலே சொன்னார். எனக்கு அம்மா முகமும், பார்த்தே இராத அண்ணன் முகமும் வந்தன. நான் சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் டீக்கடை பெஞ்சு. காலை முன்னால் வைக்கவும் முடியவில்லை, வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை.

அப்போது நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டீர்கள். சனிக்கிழமை சொல்கிற அதே குரலில், "நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வாரேன்லே" என்றீர்கள். யாரும் தடுப்பதற்குள் தாவிவிட்டீர்கள்.

ஐந்தாறு படி ஏறினீர்கள். அதற்குமேல் அசையவில்லை. ஏணி ஆடியபோது உங்கள் தோள் இரும்பில் போய் மோதியது. கன்னத்தைக் கப்பலோடு ஒட்டவைத்து, இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டீர்கள். மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "இறங்குங்க சார், மெதுவா இறங்குங்க" என்று கத்தினார். லாஞ்சில் இருந்த இரண்டு பேரும் அது கப்பலில் மோதாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களால் விட்டுவிட்டு வர முடியாது.

மேலே இருந்து உங்கள் குரல் வந்தது. வகுப்பறைக் குரல் இல்லை, நான் அதுவரை கேட்டிராத குரல். "ஏலே, காலு வரமாட்டேங்குலே."

எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். பயம் அப்படியேதான் இருந்தது, இன்னும் கூடத்தான் செய்தது. ஆனால் அந்தப் பயம் இப்போது உங்களைப் பற்றியதாக இருந்தது, அதை வைத்துக்கொண்டு கை கால் அசைந்தது. ஷூவைக் கழற்றி லாஞ்சுக்குள்ளேயே எறிந்தேன். லாஞ்சு எழும்பியதும் தாவினேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஏறி ஏறி, என் முகத்துக்கு நேரே உங்கள் கால் வந்தது. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உங்கள் கணுக்காலைப் பிடித்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது சார். பிடிபட்ட கோழிக்குஞ்சின் உடம்பு போல, நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், நான்தான். இந்தக் கால விடுங்க, நான் வைக்கேன்."

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன் சார்."

ஒரு காலைத் தூக்கி அடுத்த கீழ்ப்படியில் வைத்தேன். பிறகு மற்றக் காலை. ஒவ்வொரு படிக்கும் நீங்கள் கேட்டீர்கள், ஒவ்வொரு படிக்கும் நான் சொன்னேன். கடைசியில் "இப்ப விடு!" என்று கீழேயிருந்து கத்தினார்கள், இரண்டு பேரும் லாஞ்சுக்குள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். உங்கள் கஞ்சி போட்ட சட்டை தோளில் கிழிந்திருந்தது.

மேனேஜர் எங்கள் முன்னால் வந்து குந்தினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பயந்தியாலே?"

நான் உங்களைப் பார்த்தேன். கட்டம் போட்ட அந்த வரி கண் முன்னால் நின்றது. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே, "உள்ளதச் சொல்லுலே" என்றீர்கள்.

"ஆமா சார். ரொம்பப் பயந்துட்டேன்."

அவர் அணைந்துபோன சுருட்டைக் கடலில் எறிந்தார். "பயமே இல்லாத பய ஒருத்தன் எங்கிட்ட இருந்தான். அவன் எடத்துக்குத்தான் ஆள் எடுக்கேன்" என்றார். "நாளைக்கு வா. சப்பாத்து வேண்டாம்" என்று கிடந்த ஷூவைக் காட்டினார்.

கரைக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வேண்டாம்லே, வேற பாப்போம்" என்றீர்கள். உங்கள் பிரிவிலிருந்து அந்த வருடம் ஒருவனுக்குக்கூட வேலை கிடைத்திருக்கவில்லை, அறையைச் சைக்கிள் ஸ்டாண்டோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு இருந்தது. கிடைத்த ஒன்றையும் நீங்களே வேண்டாம் என்கிறீர்கள். நான் போகிறேன் சார் என்றேன். அம்மாவிடம் இரண்டு பேரும் பேன் ஓடுகிறது என்றுதான் சொன்னோம்.

அடுத்த சனிக்கிழமை ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். கரும்பலகையில் கட்டம் இருந்தது, உள்ளே இருந்த வரி இல்லை. நீங்கள் ஷூவை வாங்கி அலமாரியில் வைத்தீர்கள்.

பயிற்சி நடந்த அந்த விடுமுறை முழுக்க, சாயங்காலம் லாஞ்சு திரும்பும்போது ஜெட்டியில் நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் கரையில் கால் வைத்ததைப் பார்த்ததும், சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விடுவீர்கள். கப்பல்கள் புதுத் துறைமுகத்தில் வந்து கட்டுகிற வரைக்கும் எத்தனையோ ஏணி ஏறினேன். முதல் படியில் கை வைக்கும்போதெல்லாம் பயந்தேன். இறங்கி வந்து உங்களிடம் அதை ஒருநாளாவது சொல்லியிருக்கலாம், உங்களுக்குப் பிடித்திருக்கும்.

உங்களை அடக்கம் செய்த அன்று நாசரேத்துக்கு வந்தேன். பெட்டியில் உங்கள் காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தார்கள். தொட வேண்டும் என்று நினைத்தேன், கூட்டம் நகர்த்திக்கொண்டு போய்விட்டது.

சார், நீங்கள் எங்கேயும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற ஆள். பேன் ஓடுகிறது என்றோ, வேண்டாம்லே என்றோ ஏதாவது சொல்வீர்கள். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் போனவர் வந்து சொல்லவே இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு பயமாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகன் மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்து, "பயப்படாதீங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றான்.

"பயமாத்தான்டே இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு" என்றேன். வீட்டில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவன் மருந்தை மேஜையில் வைத்தான். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், போர்வைக்கு வெளியே தெரிந்த என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அது நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"புடிச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்கேன்ப்பா" என்றான்.