பெரிய எண், சின்ன எண்

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா போனில் கேட்டதற்கு இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நீ அங்க என்னதான்டி வேலை பாக்குற?" பதினெட்டு வருஷமாக ஒரே லேபில் இருக்கிறேன். கூடப் பிறந்தவளுக்கே தெரியவில்லை. ரத்தம் டெஸ்ட் பண்றேன் என்றேன். "அது தெரியுது. நீ பண்றியா, மிஷின் பண்ணுதா, டாக்டர் பண்றாரா? அதை வெச்சுத்தான் எண்ணு."

அவள் இருக்கும் நாட்டில் குடியேற விண்ணப்பிப்பவர் தன் வேலைக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ள வேலைக்கெல்லாம் எண் வைத்திருக்கிறார்கள். எங்கள் வேலைக்கு இரண்டு. ஒன்று 'ஆய்வக விஞ்ஞானி': மாதிரியைத் தானே பார்த்து, முடிவு சொல்லி, தன் பொறுப்பில் வெளியிடுபவர். இன்னொன்று 'ஆய்வக உதவியாளர்': வேறொருவர் மேற்பார்வையில் மாதிரியைத் தயார் செய்பவர். முதல் எண்ணுக்குக் கதவு திறந்திருக்கிறது. இரண்டாவதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டு கடைசியில் எனக்கு நாற்பத்தைந்து. விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடுவார்களாம், நாற்பத்தைந்துக்குப் பிறகு வயதுக்கு ஒன்றும் கிடையாது. "அதுக்குள்ள வந்து சேரு. அப்புறம் உன்னை யாரும் சீண்ட மாட்டாங்க." அக்காவின் பாசம் இப்படித்தான்.

பிப்ரவரி 12

வீட்டுக்காரரும் மகளும் அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய எண், சின்ன எண்.

பிப்ரவரி 16, ஞாயிறு

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பெரியதைப் போடு" என்றார் அவர்.

"போட்டா மட்டும் ஆகாதுங்க. நான் என்னென்ன வேலை பாக்குறேன்னு டாக்டர் எழுதித் தரணும்."

"தரட்டுமே. கையெழுத்துப் போடுறதுதானே அவருக்கு வேலையே."

மகள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். உண்மையில் அந்தக் கையெழுத்தைக்கூட அவர் போடுவதில்லை.

இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன். டாக்டர் வாரத்தில் இரண்டு சாயங்காலம் வருவார். அவருக்கு வேறு லேபுகளும் இருக்கின்றன. ரத்தம் தடவிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது நான். என்னவென்று எழுதுவது நான். கம்ப்யூட்டரில் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு நான் பட்டனைத் தட்டினால், ரிப்போர்ட்டின் அடியில் அவர் பெயரும் கையெழுத்தும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். விதிப்படி ஒவ்வொரு ஸ்லைடையும் அவர் இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் பார்த்தார். நான் எழுதியதில் தப்பே வராததால் மெல்ல மெல்ல விட்டுவிட்டார். அதில் எனக்குப் பெருமை. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆக, நான் பார்ப்பது பெரிய எண்ணின் வேலை. தாளில் இருப்பது சின்ன எண். இதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், 'நான் எதையும் பார்ப்பதில்லை' என்று டாக்டரையே எழுதித் தரச் சொல்வதாகும். எந்த முகத்தோடு கேட்பது?

வீட்டுக்காரருடைய அச்சகம் மூடி இரண்டு வருஷம். மகள் காலேஜில் முதல் வருஷம், எப்படியும் கிளம்பப்போகிறோம் என்று எதிலும் மனசு ஒட்டாமல் போய் வருகிறாள். வீடே ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது.

பிப்ரவரி 20

கேட்டேன். "உனக்கு இல்லாததாம்மா? நீயே டைப் பண்ணு, போட்டுத் தரேன்" என்றார் டாக்டர். டைப் பண்ணி நீட்டினேன். படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"'சொந்தப் பொறுப்பில்'னு இருக்கே. அது எதுக்கு? 'உதவினார்'னு போட்டுக்கலாமே."

"உதவினார்னா சின்ன எண் டாக்டர்."

"என்ன எண்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 27

கடிதம் தயாராக மேசையில் இருந்தது. மாதிரி சேகரிப்பில் உதவினார். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவதில் உதவினார். ஆவணங்களை அடுக்குவதில் உதவினார். அடுக்குவதில்! நன்னடத்தை உள்ளவர் என்று கடைசியில் ஒரு வரி.

கழிவறையில் போய் அழுதேன். அமரிக்கையாக அழுவதற்கு அந்த லேபில் வேறு இடமில்லை.

மார்ச் 3

இன்று விடவில்லை. "பதினெட்டு வருஷத்துல ஒரு ரிப்போர்ட்லயாவது என் பேர் வந்திருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. சேர்ந்த வருஷமே என் பிரசவத்துக்கு ஆறு மாசம் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர்.

"எங்கேயோ ஒரு நாட்டுக்குத்தானே போகப்போகுது. இங்க யார் படிக்கப்போறா" என்று சொல்லிக்கொண்டே, நான் முதலில் டைப் பண்ணியதில் கையெழுத்துப் போட்டார். பிறகு, எப்போதும் செய்வதுபோல, ஒரு நகல் எடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 4

'ஸ்லைடுகளைத் தாமே ஆராய்ந்து, தம் சொந்தப் பொறுப்பில் முடிவுகளை வெளியிட்டு வருகிறார்.' சமையலுக்கு நடுவில் போய்ப் போய்ப் படித்தேன். வீட்டுக்காரர் கேலி செய்தார், "மனப்பாடம் ஆயிடுச்சா விஞ்ஞானி?" வெளிநாடு, மதிப்பெண் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்ததோ?

மார்ச் 19

எல்லாம் அனுப்பியாயிற்று. பெரிய எண்.

ஏப்ரல் 22

மத்தியானம் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், சட்டைக் காலர் பட்டன்வரை போட்டிருந்தார். கையில் எங்கள் ரிப்போர்ட், ஜனவரியில் கொடுத்தது. அவருடைய மகளுக்கு அப்போது காய்ச்சல், அசதி. வைரஸ் காய்ச்சலுக்குரிய மாற்றங்கள் என்று போட்டிருந்தது. போன மாசம் அந்தப் பெண் இறந்துவிட்டாள். ரத்தப் புற்றுநோய். ஜனவரியிலேயே தெரிந்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"பாத்தவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். டாக்டர் பேர் போட்டிருக்கு. அன்னைக்கு அவர் வெளியூர்ல ஒரு கூட்டத்துல பேசியிருக்கார், போட்டோகூட வந்திருக்கு. அப்ப இதை யார் பாத்தாங்க?"

டாக்டர் சாயங்காலம் வருவார் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி!

ஏப்ரல் 23

ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன்.

இருக்கிறது. நிறைய இல்லை, ஓரமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. முதிராத செல்கள், ரத்தப் புற்றுநோயின் அடையாளம். வைரஸ் காய்ச்சலில் வீங்கி வரும் செல்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அதைத்தான் நினைத்திருக்கிறேன். இப்போது தெரிந்துகொண்டு பார்ப்பதால் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன். இல்லை. இருக்கிறது.

அன்றைக்கு எனக்குத் தலைவலிகூட இல்லை. வீட்டில் சண்டை இல்லை. அவசரம் இல்லை. நன்றாகத்தான் பார்த்தேன். நன்றாகப் பார்த்துத்தான் தப்பாக எழுதினேன்.

இதற்குத்தானே இரண்டாவது தடவை பார்ப்பது என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 29

சுகாதாரத் துறை விசாரணை வருகிறது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஃபைலிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். "இதைக் காட்ட வேண்டியிருக்கும்மா. நீயே கேட்டு வாங்கினதுதானே? சொந்தப் பொறுப்புன்னு நீயேதானே டைப் பண்ணின?"

நான்தான்.

மே 2

வீட்டில் பெரிய சண்டை.

அவர்: "வெளிநாடு போறதுக்காக டாக்டர் கொஞ்சம் கூட்டி எழுதிக் குடுத்தார்னு சொல்லிடு. ஊர்ல எல்லாரும் செய்யறதுதான், நம்பிடுவாங்க. நான் வெறும் உதவியாளர், டாக்டர்தான் பாத்தார். முடிஞ்சது."

"அப்ப விண்ணப்பத்துல போட்டது?"

"அது அந்த நாடு. இது இந்த நாடு. ரெண்டு பேரும் உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு ஒப்பிட்டா பாக்கப்போறாங்க?"

அக்காவும் அதையேதான் சொன்னாள். "லூசு மாதிரி எதையாவது உளறி வெக்காதே. இங்க பெரிய எண்ணு, அங்க சின்ன எண்ணு, அவ்வளவுதான்டி."

எவ்வளவு சுலபம். இத்தனை வருஷமாக டாக்டரும் நானும் செய்ததும் அதுதானே? வேலைக்கு ஒரு எண், தாளுக்கு ஒரு எண். யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும் உறுத்தவில்லை.

மகள் மட்டும் வேறொன்று கேட்டாள். "அம்மா, அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

உன் வயசுதான் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 8

நாளைக்கு விசாரணை. என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

மே 9

நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர், பக்கத்து நாற்காலியில் டாக்டர், சுவர் ஓரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா. அதே காலர் பட்டன். கடிதம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது.

"இதுல இருக்கறது உண்மையா, இல்ல விண்ணப்பத்துக்காக எழுதினதா?" என்று நடுவில் இருந்த அம்மா கேட்டார். கேட்ட விதத்திலேயே எனக்கு ஒரு வழி விட்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன்.

"உண்மைதான் மேடம். அந்த ஸ்லைடை நான்தான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன்" என்றேன்.

பிறகு பாஸ்வேர்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டு சாயங்காலம் பற்றிச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் அப்பா படியில் நின்றிருந்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒரு தடவை மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் தொண்டையைச் சரி செய்வதற்குள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மே 10

வீட்டுக்காரர் தட்டைக் கழுவும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டார்.

ஜூன் 6

முடிவு வந்தது. லேபுக்குப் பூட்டு. டாக்டர் ஒரு வருஷம் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடக்கூடாது. நான் மூன்று வருஷம் எந்த முடிவையும் வெளியிடக்கூடாது. உத்தரவில் எங்கள் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து இருக்கிறது.

ஜூன் 14

அந்த நாட்டிலிருந்து மின்னஞ்சல். உங்கள் கல்வியும் அனுபவமும் நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணுக்கு முழுமையாகப் பொருந்துகின்றன, அடுத்த படிவத்தை நிரப்பவும்.

பொருந்துகின்றனவாம். சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

அடுத்த படிவத்தில் ஒரு கேள்வி. தொழில் சார்ந்து உங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா? ஆம், இல்லை.

அவர் என் பின்னால் வந்து நின்றார். "இல்லைன்னு போடுன்னு சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ போட மாட்ட" என்றார். பிறகு, "ஆனா எனக்குக் கோபம் போகல. போகும்னும் தோணல" என்றார். நாற்காலியின் முதுகில் அவர் கை இருந்தது. என் தோளில் இல்லை.

ஆம் என்று போட்டேன்.

ஜூலை 30

நிராகரிப்பு. இரண்டே வரி. அக்கா போனில் அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள். அவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போகிறார். மகளுக்கு முதல் வருஷத்தில் இரண்டு பாடம் போய்விட்டது. திரும்ப எழுதப் பணம் கட்டியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டு 28

இன்றோடு நாற்பத்தைந்து. காலையில் யாரும் வாழ்த்தவில்லை, மறந்ததால் இல்லை.

ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் லேபில் சேர்ந்து ஒரு மாசம் ஆகிறது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலை, சம்பளம் பழையதில் பாதி. இன்று ஒரு வீட்டில், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. வயதான அம்மா ஒருவர் கையை நீட்டாமல் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

"நீதான் டெஸ்டும் பண்ணுவியா?"

"இல்லம்மா. நான் எடுத்துக் குடுக்கறதோட சரி."

"அப்ப யார் பாப்பா?"

"அங்க ரெண்டு பேர் பாப்பாங்க. ஒருத்தர் பாத்ததை இன்னொருத்தர் மறுபடியும் பாப்பாங்க. நான் கேட்டுட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார். நரம்பு உடனே கிடைத்தது.