தபசுகாலப் பிடியரிசி

ஊர்காவற்றுறை,
1969

அன்புள்ள அத்தானுக்கு,

பிடியரிசி எடுப்பதை நிறுத்தச் சொல்லிக் கொழும்பிலிருந்து எழுதியிருந்தீர்கள். நிறுத்த மாட்டேன்.

ஆபிரிக்காவில் சண்டையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக, இந்தத் தபசுகால நோன்பு நாட்களில் சுவாமியார் மாதா கோயிலில் அரிசி சேர்த்து, விற்ற காசை அனுப்புகிறார். உலை வைக்கும்போதெல்லாம் நானும் ஒரு பிடி ஒதுக்குகிறேன். "எங்கடை வயித்தைக் கட்டி, கண்காணாத பிள்ளையளுக்கோ குடுக்கிறாய்?" என்று மாமி கேட்டார். "ஓம் மாமி" என்றேன்.

அவருடைய சோறு குறையவில்லை. போன மாரி மழையோடு இந்த வீட்டில் ஒரு வாய் குறைந்தது. என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை. எங்கள் மகனுக்கும் சேர்த்தே அள்ளுகிறது. அந்தப் பிடியைப் பானையில் போட்டால் சோறு மிஞ்சும். மிஞ்சுவதைப் பார்க்க எனக்கு ஏலாது.

அது உங்கள் அரிசியுமில்லை, மாமியின் அரிசியுமில்லை. எந்தப் பிள்ளை சாப்பிடுவதென்று நான்தான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா