என் பெயரில் நீ எழுதிய பரீட்சை

தாராவி
24 ஜூன் 2024, திங்கள்

என் பிரியமான ஹாஃபிஸாவுக்கு,

பொன்செல்வி அக்கா எழுதுகிறேன். நீயும் உம்மாவும் உன் வீட்டுக்காரர் உதுமான் தம்பியும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

பள்ளி திறந்து பத்து நாளாகிறது. நீ போனை எடுக்கவில்லை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டாய். நீ விலகியதை ஊருக்கே தெரியும்படி எழுதிக் காட்டுகிறது அந்தப் போன். அதனால்தான் பழைய வழிக்கு வந்துவிட்டேன். திங்களும் வியாழனும் ஞானராஜ் அலுவலகத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு நம் டிரஸ்டின் அம்பர்நாத் பள்ளிக்கு வருகிறாரே, அந்தப் பையில் இதைப் போடுகிறேன். "ஒரு மெசேஜ்ல முடியுற விஷயத்துக்குக் கவரா டீச்சர்?" என்று கேட்டார். "ஒட்டியாச்சு, பேசாம கொண்டு போங்க" என்றேன்.

உன் ஏழாம் வகுப்பையும் என் ஏழாம் வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், பெஞ்சுக்கு நாலு பேர். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது நீ விட்டுப்போன கணினித் திரை. பின்னக் கணக்குக்கு நீ செய்துவைத்த படங்களைப் போடலாம் என்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாகப் போட்டேன். அம்மு எழுந்து, "டீச்சர், அது லாக் ஆயிட்டு. ஹாஃபிஸா டீச்சர்ட்ட கேளுங்க" என்றாள். உன்னை இடம் மாற்றியது அவளுக்கு இன்னும் மனதில் ஏறவில்லை. எனக்கும்தான்.

காலை பத்து மணிக்குள் வருகைப் பதிவைப் போனில் ஏற்ற வேண்டுமாம். நான் ஏற்றுவது போய்ச் சேர்வதே இல்லை, ஹெச்.எம். தினமும் கூப்பிட்டுக் கேட்கிறார். எப்படிச் செய்வது என்று நாலு வரி எழுது. கோபமிருந்தால் கோபத்தோடேயே எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

உம்மாவுக்கு மதியம் யார் கஞ்சி கொடுக்கிறார்கள்?

உன் அக்கா,
பொன்செல்வி


அம்பர்நாத்
27 ஜூன் 2024, வியாழன்

அன்புள்ள பொன்செல்வி அக்காவுக்கு,

ஹாஃபிஸா எழுதுவது. உங்கள் கடிதம் திங்களன்றே கிடைத்தது. முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பின் பெயரைத் தொட்டதும் எல்லாப் பிள்ளைகளும் வந்திருப்பதாகவே காட்டும். வராத பிள்ளையின் பெயரை மட்டும் தொடுங்கள், சிவப்பாகும். கடைசியில் 'அனுப்பு' என்பதை அழுத்தி, பச்சை டிக் வரும்வரை போனைக் கீழே வைக்காதீர்கள். நீங்கள் டிக் வருமுன்னே போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவீர்கள். அதனால்தான் போய்ச் சேரவில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும். வழக்கம்போல வராந்தாவிலிருந்து யாருக்கும் கத்திச் சொல்லாமல் நீங்களே போடுங்கள்.

சயான் ஸ்டேஷனில் காலை ஐந்து ஐம்பது வண்டி பிடிக்கிறேன். எதிர்த்திசை என்பதால் உட்கார இடம் கிடைக்கிறது. இங்கே பிள்ளைகள் கம்பெனி வேலைக்காரர்களின் பிள்ளைகள், சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். வீடு திரும்ப நாலு மணி தாண்டிவிடுகிறது.

உம்மாவுக்கு மதியம் பக்கத்து வீட்டு ராபியா கஞ்சி கொடுக்கிறாள். அவளுக்கே மூன்று சின்னப் பிள்ளைகள். உம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க அவளால் தனியாக முடியவில்லை. இவருக்குப் பட்டறை குர்லாவில், பகலில் வர முடியாது. பக்கவாதம் வந்த இந்த ஒன்றரை வருடமும் பன்னிரண்டரை மணி இடைவேளையில் நான் ஓடிப்போய்த்தானே திருப்பிப் படுக்கவைத்தேன். பள்ளியிலிருந்து ஏழே நிமிடம். இப்போது உம்மாவின் முதுகு சிவந்திருக்கிறது அக்கா.

மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். நாம் இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள், யார் சீனியர் என்று சொல்ல முடியாது. ஒருவரை மாற்ற வேண்டும் என்றதும் டிரஸ்ட் செயலாளர் ஆன்லைன் பயிற்சியின் மதிப்பெண்ணை எடுத்தார். உங்களுக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு அறுபத்தொன்று. அந்தப் பன்னிரண்டு பாடங்களையும் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியவள் நான். குறைந்துபோனால் நாலு பேர் நடுவில் உங்களுக்குத் தலைகுனிவாகுமே என்று உங்களுடையதை வரி விடாமல் படித்து எழுதினேன். என்னுடையதைக் குக்கர் விசிலுக்கு நடுவில் கண்டபடி தொட்டு முடித்தேன். இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்றிருந்தேன். அது என் தவறு. அதில் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. மே மாதக் கூட்டத்தில் இரண்டு எண்களையும் படித்துவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று செயலாளர் கேட்டார். நான் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது ஆகும். சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களைப் பார்த்தேன். நீங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
ஹாஃபிஸா


தாராவி
4 ஜூலை 2024, வியாழன்

என் ஹாஃபிஸாவுக்கு,

பச்சை டிக் வந்தது. மூன்று நாளாகத் தவறாமல் வருகிறது.

உன் கடிதத்தின் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. மே மாதத்தில் பதிவேட்டில் என்ன இருக்கும்? வெறும் பக்கங்களைத்தான் புரட்டினேன். பயந்துவிட்டேன் ஹாஃபிஸா. எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். முட்டி இரண்டும் பேருந்துப் படிக்கே அழுகின்றன, செம்பூர் வீட்டிலிருந்து குர்லா போய் அம்பர்நாத் வண்டி ஏற வேண்டுமே என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. இருபத்துமூன்று வருடம் பிள்ளைகளிடம் "பார்த்து எழுதாதே" என்று சொன்ன வாயால், என் பரீட்சையை வேறொருத்தி எழுதினாள் என்று எப்படிச் சொல்வது? நினைத்து முடிப்பதற்குள் செயலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இப்போது வேறொன்று வந்து தலையில் விழுந்திருக்கிறது. தொண்ணூற்றாறு வாங்கியவள் என்று என்னை 'டிஜிட்டல் வழிகாட்டி ஆசிரியை' ஆக்கிவிட்டார்கள். ஜூலை இருபது, சனிக்கிழமை, இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேருக்கும் நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பாதுகாப்பது, ஆன்லைனில் வினாத்தாள் செய்வது, பிள்ளைகளுக்கு அனுப்புவது, விடை திருத்துவது எல்லாம். செயலாளரே வந்து உட்காரப்போகிறார்.

கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். திரையில் காட்ட வேண்டியதை எல்லாம் செய்து ஒரு பென் டிரைவில் போட்டு ஞானராஜிடம் கொடுத்துவிடு. அன்றைக்கு நீயும் வருவாய். முன் வரிசையில் உட்கார். நான் தடுமாறினால் எழுந்து வந்து கைகொடு. இந்த ஒரு முறைதான்.

உன் அக்கா,
பொன்செல்வி


அம்பர்நாத்
8 ஜூலை 2024, திங்கள்

அன்புள்ள பொன்செல்வி டீச்சருக்கு,

செய்து தரமாட்டேன்.

உம்மாவின் முதுகில் புண் திறந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். பகலில் பத்து மணி நேரம் நான் வீட்டில் இல்லை. ராபியா அழுகிறாள், பாவம், அவள் என்ன செய்வாள்? ஒரு மாத விடுப்புக் கேட்டேன், பள்ளி தொடங்கிய மாதம் முடியாது என்றார்கள்.

உங்களுக்காக நான் செய்ததையெல்லாம் உதவி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒவ்வொன்றையும் உங்கள் கையிலிருந்து பிடுங்கி நானே முடித்திருக்கிறேன். எனக்கு அது சுலபமாக இருந்தது, உங்களுக்கும் சுலபமாக இருந்தது.

லாக்டவுனில் நான் வீடியோவில் பாடம் நடத்தினேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நெட் இல்லாத முப்பத்துநாலு பிள்ளைகளைச் சாதாரணப் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அப்பன் ஆத்தாளைச் சமாதானப்படுத்தி, வாய்ப்பாடும் பின்னமும் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அந்தப் பொறுமை எனக்கு வராது. அப்படிப்பட்டவருக்கு ஒரு வினாத்தாளை ஏற்ற வராது என்றால் நான் நம்பமாட்டேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஹாஃபிஸா


தாராவி
22 ஜூலை 2024, திங்கள்

என் ஹாஃபிஸாவுக்கு,

சனிக்கிழமை நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஞாயிறு போக மற்ற நாளெல்லாம் பள்ளி விட்டபின் கணினி அறையில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு கேள்வியைத் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம். நாலாம் நாள் முழு வினாத்தாளும் எங்கோ போய்விட்டது, அழுதுவிட்டேன். பத்தாம் நாள் பத்துக் கேள்வி செய்து என் போனுக்கே அனுப்பி, நானே விடை எழுதி, எட்டு மதிப்பெண் வாங்கினேன். சிரிக்காதே. அந்த எட்டும் நான் எடுத்தது.

சனிக்கிழமை இருபத்தொரு பேர் வந்தார்கள். உன் நாற்காலி காலி. கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். செயலாளர் கடைசி வரிசையில் இருந்தார். டிரஸ்ட் கொடுத்த பாடத்தின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டேன். எழுத்துப் பெரிதாக விழுந்தது. 'உங்கள் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாரிடமும் பகிராதீர்கள்.' அதை நான் வாசித்துக் காட்ட வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"இத வாசிக்க எனக்கு யோக்கியத இல்ல. அந்தத் தொண்ணூத்தாறு மார்க் நான் எடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப யாரு எழுதுனாங்க?" என்று செயலாளர் கேட்டார். "அதச் சொல்ல மாட்டேன் சார். ஓடிபிய நாந்தான் குடுத்தேன். தப்பு என்னுது" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். கோபர்கைரனேயில் குடியிருக்கிற தப்ரேஸ் சார்தான், "டீச்சர், க்ளாஸ் எடுக்கப் போறீங்களா இல்லயா? நாங்க காலைல ஆறு மணிக்குக் கெளம்பி வந்திருக்கோம்" என்றார். எடுத்தேன். இருபத்தொரு பேரும் ஆளுக்கொரு வினாத்தாள் செய்துவிட்டுத்தான் போனார்கள்.

அன்று மாலையே செயலாளர் மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டு நான் எழுதிவைத்திருந்த மனுவை நீட்டினேன். என்னை அம்பர்நாத்துக்கு அனுப்பி உன்னைத் தாராவிக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் ஐந்து, திங்கள் முதல். உத்தரவு இந்த வாரம் உன் கைக்கு வரும்.

முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே, எதிர்த்திசையில் உட்கார இடம் கிடைக்கும் என்று நீதானே எழுதினாய். நீ வந்துவிடு. பன்னிரண்டரைக்கு உம்மாவிடம் ஓடு. தாமதமாகச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். செய்துவிட்டேன்.

உன் அக்கா,
பொன்செல்வி


அம்பர்நாத்
1 ஆகஸ்ட் 2024, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அன்று நான் வராதது கோபத்தால் அல்ல. அன்றைக்குத்தான் உம்மாவை ஊருக்கு ரயிலேற்றினோம். தம்பி சிராஜ் மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்தான். புண்ணைப் பார்த்தான். "லாத்தா, நீயும் மச்சானும் வேலைக்குப் போயிட்டா பகல்ல உம்மாவ யாரு பாப்பா? எங்க வீட்ல எந்நேரமும் ஆள் இருக்கும்" என்றான். உம்மாவின் துணிகளை மடித்து எடுத்துவைத்தேன். தாதர் ஸ்டேஷனில் கீழ்ப் படுக்கையில் கிடத்தியபின் உம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். விளங்குகிற கை அது ஒன்றுதான். ரயில் கிளம்பப்போகிறது என்று சிராஜ் அவசரப்படுத்தினான். உம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நானே எடுத்துவிட்டேன்.

நீங்கள் எல்லோர் நடுவிலும் சொன்னதை மறுநாள் தப்ரேஸ் சார் போன் செய்து சொன்னார். உட்கார்ந்து அழுதேன். உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. இதையே மே மாதத்தில் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டும் இன்னும் இருக்கிறது, மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

உம்மாவைத் திரும்ப அழைத்துவரலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த உடம்பு இன்னொரு ரயில் பயணத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பக்கமே வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இவர் சொல்கிறார். பார்க்க வேண்டும்.

உத்தரவு கைக்கு வந்தது. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று செயலாளருக்கு எழுதிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். நீங்கள் தாராவியிலேயே இருங்கள். உங்கள்மேல் உள்ள கோபத்தால் இதைச் செய்யவில்லை. அங்கே வந்தால் பன்னிரண்டரை மணி அடித்ததும் என் கால் வீட்டுக்கு நடக்கும் அக்கா. ஏழு நிமிடம் நடந்து போய் அங்கே நான் என்ன செய்வேன்?

அந்தப் பயிற்சியை உங்கள் பெயரில் மறுபடி எழுத டிரஸ்ட் அனுமதித்தால் எழுதுங்கள். நாற்பது வந்தாலும் பரவாயில்லை. எனக்குக் கடிதமும் போடுங்கள். பதில் உடனே வராவிட்டால் வருத்தப்படாதீர்கள், கொஞ்ச நாள் ஆகும்.

தினமும் இடைவேளை மணி அடித்ததும் சிராஜ் வீடியோவில் கூப்பிடுகிறான். நான் மைதானத்து ஓரமாகப் போய் நிற்கிறேன். அவன் மனைவி போனை உம்மாவின் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். "உம்மா, நான்தான், இங்க பாருங்க" என்கிறேன். என் குரல் கேட்டதும் உம்மாவின் முகம் மாறுகிறது. ஆனால் போனைப் பார்ப்பதில்லை. தலையை மெல்லத் திருப்பி வாசலைப் பார்க்கிறார்கள்.

ஹாஃபிஸா