வாஷிங் மெஷினில் நூற்றெட்டு வோல்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் பெரிய குறை ஏதும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஓடி வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், உன் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அவர்கள் இரண்டு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டியதை அவர்களையே எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான், இந்த வாஷிங் மெஷினைத் தொட்டால் ஆபத்தா இல்லையா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. தொடக்கூடாது என்று மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டியவர் உன் அப்பா. ஒன்றும் ஆகாது என்று கயிற்றை அவிழ்த்துப் போட்டவள் நான். நடுவில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணி துவைக்கிறவள் உன் அத்தை. இத்தனைக்கும் ஆரம்பம் நீ.

ஆமாம், நீதான். உங்கள் ஆபீஸில் பழைய சாமான்களைக் கழித்தபோது அந்த பெஞ்ச் மல்டிமீட்டரை, மேஜையில் வைத்து வோல்ட்டும் மின்தடையும் அளக்கிற பெட்டியை, வாங்கி, அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்குப் பரிசு என்று அனுப்பினாயே, அதைச் சொல்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கருவிகள் பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்து நான்கு வருஷம் அதே மாதிரி மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொண்டவள் யார்? ஆவணக் காப்பகத்தில் பதிவேட்டுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, புள்ளிக்குப் பின்னால் அத்தனை நுணுக்கமாக எண் காட்டுகிற ஆறரை இலக்க மீட்டர் எதற்கு? பெட்டியின் மேல் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு விழுந்த பாத்திரச் சத்தம் எதற்கு என்று இப்போது உனக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது.

மீட்டர் வந்ததிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை. வைக்க இடமில்லை என்று பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டார். இப்போது நான் இஸ்திரி போடுவது கட்டில் மேல். மீட்டர் ஒரு மணி நேரம் சூடாக வேண்டும், அப்புறம்தான் அளவு நிலைக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், காலையில் எழுந்ததும் முதலில் அதை ஆன் செய்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறார். காற்று பட்டால் கடைசி இலக்கம் ஆடுமாம், ஃபேன் போடக்கூடாது, நாங்கள் வெந்து சாகலாம். சுவர்க் கடிகாரத்து பேட்டரியைக் கழற்றி வைத்து, ஒன்று புள்ளி ஐந்து நான்கு ஏழு இரண்டு ஆறு என்று ஆறு இலக்கம் எழுதி, கீழே கோடு போட்டு, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுகிறார். கடிகாரம் நின்று போய் அன்றைக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. மின்தடை அளக்கும்போது அளவு முனைகளின் இரும்பையே இரண்டு கை விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார், தன் உடம்பையும் சேர்த்து அளந்துவிட்டு, அளவு மாறுகிறதே என்று மீட்டரைக் குறை சொல்கிறார்.

இதற்கே சிரிக்காதே, இன்னும் இருக்கிறது. கடையில் இரண்டு மீட்டர் செப்புக் கம்பி வாங்கி வந்து அளந்தாராம், அது காட்ட வேண்டியதைவிடப் பல மடங்கு மின்தடை காட்டியதாம், கலப்படக் கம்பி என்று முடிவு கட்டி, நோட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். கடைக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, சார், நீங்க வாங்கின கம்பியோட உங்க மீட்டர் வயரையும் சேர்த்து அளந்திருக்கீங்க, போய் வீட்ல அக்காவக் கேளுங்க என்று சொல்லி அனுப்பினார். வந்து என்னைக் கேட்டாரா? மாட்டாரே. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நானே போய், இவ்வளவு சின்ன மின்தடைக்கு நாலு வயர் முறை, இரண்டு வயர் மின்சாரத்தைக் கொண்டு போகும், மற்ற இரண்டும் கம்பியின் மேலே விழும் வோல்ட்டை மட்டும் பார்க்கும், அப்போது வயரின் மின்தடை கணக்கிலேயே வராது என்று மாட்டிக் காட்டினேன். பின்னால் நாலு துளை இருக்கே, அது எதுக்குன்னு நெனச்சீங்க, காது குத்தவா என்று கேட்டதற்கு, ஸ்பேர்னு நெனச்சேன் என்றார். இந்த மனிதரோடு முப்பத்தைந்து வருஷம்.

உன் அத்தையும் குறைந்தவள் இல்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம், மெஷினத் தொட்டா சுருக்குனு இருக்கு அண்ணி என்றாள். அவளுக்கு எதைத் தொட்டால்தான் சுருக்கென்று இருக்காது, டார்ச் லைட்டைப் பிடித்தாலே ஷாக் அடிக்கிறது என்று கீழே போட்டவள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் அப்பா விடுவாரா, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மீட்டரோடு வந்து மெஷினின் உடம்பில் வைத்து அளந்தார். நூற்றெட்டு புள்ளி நான்கு இரண்டு ஆறு வோல்ட். உடனே கயிறு. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து மெஷினை நாலு சுற்று சுற்றி, அட்டையில் அபாயம் என்று எழுதித் தொங்கவிட்டார். ஆவணக் காப்பகத்துக் கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பாப்பா, உனக்கே தெரியும், இந்த மாதிரி மீட்டர் அளக்கும் இடத்திலிருந்து மின்சாரத்தை ஏறக்குறைய இழுக்கவே இழுக்காது, அதனால் எதிலும் சேராமல் தொங்கும் கம்பியில் பக்கத்திலிருந்து கசிகிற துளியையும் பெரிய வோல்ட்டாகக் காட்டிவிடும். பட்டறையில் இதற்குப் பேய் வோல்ட் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதைப் பார்த்து அலறுவார்கள், நாங்கள் சிரிப்போம். உன் அப்பாவுக்கு நிரூபிக்க வேண்டுமே என்று பல்பில் இரண்டு வயர் மாட்டிய டெஸ்ட் லாம்பைக் கொண்டு வந்து மெஷினில் வைத்தேன். எரியவில்லை. பாத்தீங்களா, ஒரு பல்பை எரிக்கத் துப்பில்லாத வோல்ட்டு இது, இதுக்குப் போய்க் கயிறு என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, உன் அத்தையைக் கூப்பிட்டு, நீ துவை, நான் சொல்றேன் என்றேன். அவளும் துவைத்தாள். நாலு நாள் துவைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் உன் அப்பா நோட்டோடு வந்து நின்றார். அந்த நாலு நாளும் மனிதர் சும்மா இல்லை, வீட்டில் இருக்கிற அத்தனை இரும்புச் சாமானையும் அளந்து ஆறு இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார், பிரிட்ஜ், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, ஜன்னல் கம்பி கூட. பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். சரி, நீ சொல்ற மாதிரி பேய்னே வச்சுக்குவோம், ஆனா அது பிரிட்ஜ்ல இல்ல, கிரைண்டர்ல இல்ல, இதுல மட்டும் ஏன் வந்து உக்காந்திருக்கு என்று கேட்டார். கேட்கத் தெரியாமல் கேட்ட கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பாப்பா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேய் வோல்ட் தொங்குகிற கம்பியில்தான் வரும். எர்த் கம்பியோடு சேர்ந்திருக்கிற மெஷினின் உடம்பு எப்படித் தொங்கும்?

இங்கேதான் நான் மேலே எழுதாமல் விட்ட ஒன்றை எழுத வேண்டும். வேண்டுமென்றேதான் விட்டேன், எழுதக் கை வரவில்லை. மீட்டர் வந்த புதிதில் ஒரு நாள், மெஷின் ஓடும்போதெல்லாம் கடைசி இலக்கங்கள் குதிக்கிறது என்று உன் அப்பா புலம்பினார். நான் பெரிய இவள் மாதிரி ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். பட்டறையில் நுணுக்கமான அளவு எடுக்கும்போது, பக்கத்து இயந்திரத்தின் மின் இரைச்சல் எர்த் வழியாக வந்து அளவைக் குழப்பினால், ஐந்து நிமிஷத்துக்கு அந்த எர்த்தைக் கழற்றிவிட்டு அளவு எடுத்துக்கொண்டு திரும்ப மாட்டிவிடுவோம். செய்யக்கூடாது என்று சட்டம், எல்லோரும் செய்வோம். மறக்காமல் இருக்க ஒரு சிவப்பு அட்டையை மாட்டி வைப்போம், அது தொங்கும்வரை மெஷினை யாரும் தொடமாட்டார்கள். வீட்டில் அட்டைக்கு எங்கே போவது. மெஷினின் பிளக் பாயின்ட்டைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றி ஓரமாக மடக்கி மூடினேன், இலக்கங்கள் ஆடாமல் நின்றன, உன் அப்பா என்னை ஏதோ மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், எனக்குத் தலைக்கனம் ஏறியது, அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடிவிட்டேன். அத்தோடு மறந்தும்விட்டேன்.

பின்கட்டின் ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு, மீட்டருக்குக் கூடத்திலிருந்து கரண்ட் எடுத்து, மெஷின் உடம்புக்கும் பிரிட்ஜ் உடம்புக்கும் நடுவில் நாலு வயர் மாட்டி மின்தடை பார்த்தேன். அளக்க முடியாத அளவு, திரையில் எண்ணே வரவில்லை. பாயின்ட்டைத் திறந்தேன், நான் மடக்கி வைத்த பச்சைக் கம்பி வைத்த இடத்திலேயே இருந்தது. மாட்டி இறுக்கிவிட்டுத் திரும்ப அளந்தேன், ஒரு ஓமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கரண்டைப் போட்டு வோல்ட் பார்த்தால் இருக்கிற இடம் தெரியவில்லை. உனக்கு விளக்க வேண்டியதில்லை, பேய் வோல்ட் யாரையும் கொல்லாது, நான் சொன்னது அதுவரை சரிதான். ஆனால் அந்த நாலு நாளில் மெஷினுக்குள் ஒரு கம்பி உரசி உடம்பைத் தொட்டிருந்தால், அந்த மின்சாரத்தைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போக எர்த் இல்லை, உன் அத்தைதான் இருந்தாள், ஈரத்தில், வெறுங்காலோடு, நான் சொன்னதை நம்பி. பல்பு எரியவில்லை என்று கொக்கரித்தேனே, அந்த வாயை என்ன செய்வது. இருபத்து நான்கு வருஷம் நான் கிழித்தது இதுதான்.

யாரும் பார்க்கவில்லை. உன் அப்பா நோட்டில், கோளாறு நீங்கியது, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம், ஒரு முழு நாள் இருந்தும் பார்த்தேன், முடியவில்லை. மறுநாள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். உன் அப்பா நோட்டை எடுத்து, காரணம் தெரியவில்லை என்பதை அடித்துவிட்டு, சரிசெய்தது என்று என் பெயரை எழுதினார். கெடுத்ததும் நான்தானே, அதையும் எழுதுங்க என்றேன். அதுக்கு இதுல கட்டம் இல்ல என்றார். அவருக்குக் கிண்டல் செய்யத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் அத்தைதான் என்னைக் கொன்றுவிட்டாள். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, அந்த நாலு நாளும் சுருக்குனுதான் இருந்துச்சு அண்ணி, நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களேன்னு திரும்பச் சொல்லல என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள்தான், துணி கசங்குது அண்ணி, விடுங்க என்றாள்.

இப்போது மேஜை மேல் ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது, உன் அப்பா எழுதியது. மீட்டரை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம், காலையில் அவர், மதியம் நான். விரலால் முனையைப் பிடிப்பதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை, அதை நான் செத்தாலும் திருத்த முடியாது. நீ குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, எடுத்ததெல்லாம் நல்லபடியாக முடிந்து நீ நூறு வயது சுகமாக இருக்க வேண்டும், அப்பாவும் அத்தையும் தங்கள் ஆசிகளையும் இதோடு சேர்த்து அனுப்பச் சொன்னார்கள்.

முக்கியமான ஒன்று. போன மாதம் இரண்டு தடவை போனில், இடது கை விரல்கள் மரத்துப்போகிறது அம்மா, காலையில் டம்ளர் நழுவுகிறது என்றாய். ஒன்றுமில்லை, தலையணையை மாற்று என்றேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நான் பார்க்காமலே சொன்னேன், கண்ணு. நாளைக்கே டாக்டரிடம் போய்க் காட்டு, இன்னும் மரத்துப்போகிறது என்றால் எனக்கு மூன்றாவது தடவையும் சொல்லு.

உன் அம்மா