நெக்கர் ஆற்றில் போட்ட பெட்டி

என் அன்பு அன்ரன் அண்ணைக்கு,

கல்லறைக்கு வந்து சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை, படிக்கட்டும்.

போன மாதம் உங்கள் கல்லறையில் பூச்செடி நடப் போனேன். பக்கத்து வேலியடியில், ஒரு கல்லுக்குக் கீழே சின்னத் தகரப் பெட்டி. திறந்தால், கம்பியால் இறுக்கிச் சுற்றிய கடதாசிச் சுருள். அதில் அறியாத பெயர்களும் திகதிகளும். அடியில் கறுப்புத் துணியில் ஏதோ ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்க்கத் துணியவில்லை. மகளின் கலியாணப் பேச்சு மூன்றாவது தடவையும் குழம்பியிருந்த நேரம். வேறென்ன நினைப்பேன், அண்ணை? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

தீர்த்தம் தெளித்து, பாலத்தில் நின்று நெக்கர் ஆற்றில் வீசிவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு வந்தேன். "உமக்கென்ன விசரே? ஞாயிறு தவறாமப் பூசைக்குப் போற ஆள் செய்யிற வேலையே இது?" என்று இவர் கத்தினார். "சும்மா இருங்கோ, உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஒரு வயதான ஜெர்மன்காரர் கைபேசியும் கையுமாக அந்த வேலியடியைக் கிளறிக்கொண்டு நின்றார். பெயர் உல்ரிச். உங்களோடு மதுச்சாலையில் மவுத் ஓர்கன் வாசித்தவராம். பெட்டியை ஒளித்ததும் அவர்தான். கைபேசி காட்டும் இடத்துக்குப் போய், ஒளித்த பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே பெயரெழுதித் திரும்ப வைக்கிற ஒரு விளையாட்டாம். அந்தக் கம்பி உங்கள் கிற்றார் தந்தி. ஒருவரும் அறியாத, கிற்றாரில் சோகம் பாடும் இந்தப் புளூஸ் பாடகனைத் தேடி நாலு பேராவது வரட்டும் என்று வைத்தாராம்.

முடிச்சுக்குள் இருந்தது உங்கள் குரல். ஒரேயொரு பாட்டு, சின்ன மெமரி ஸ்டிக்கில். மூலக் கசெட் அவர் வீட்டு நிலவறையில் வெள்ளம் புகுந்தபோது அழிந்துவிட்டதாம். பிரதி எடுக்கத்தான் அன்று வந்திருக்கிறார். நான் செய்ததைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

"ஒருக்கா வந்து கேளன், பிள்ளை" என்று எத்தனை தரம் கூப்பிட்டீர்கள்? கிழமை முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவி, சனிக்கிழமை கிற்றாரோடு போவீர்கள். "குடிகாரருக்குப் பாடுற ஒப்பாரியை நான் ஏன் கேக்க?" என்று வாய் கூசாமல் சொன்னேன். சொந்தக்காரரிடம் நீங்கள் பாடுவதையே மறைத்தேன். எதற்கு அவ்வளவு பயந்தேன்?

அண்ணை, நீங்கள் தமிழில் பாடினீர்களாம். எனக்கு அதுகூடத் தெரியாது.

"எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அவன் பாடத் தொடங்கினால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்" என்றார் உல்ரிச். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னதான் பாடினான்? உங்களைக் கண்டால் கேட்க வேண்டும் என்று இருந்தேன்."

அண்ணை, அம்மாவைப் பாடினீர்களா? வராத என்னைப் பாடினீர்களா?

யாராவது பிரதி எடுத்தார்களா என்று அந்த விளையாட்டின் இணையப் பக்கத்தில் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. உல்ரிச் புதுப் பெட்டி வைத்திருக்கிறார். அதில் எழுதிய முதல் பெயர் என்னுடையது.

இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாங்கில் இருப்பேன். பெட்டி தேடி வருகிற ஒவ்வொருவரையும் கேட்பேன், அந்தப் பாட்டில் ஒரு சொல்லாவது, பிழையாகவாவது, ஞாபகம் இருக்கிறதா என்று. என் கால் நடக்கும்வரை கேட்பேன், அண்ணை.

அந்தப் பாட்டு விளங்கியிருக்கக்கூடிய ஒரே ஆள்,
உங்கள் தங்கச்சி மேரி