மாற்றாமல் விட்ட பெயர்

11 மார்ச், செவ்வாய்

என் நாவலை நான் அனுப்பிவைத்திருந்த இலக்கிய முகவர் இன்று சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். "நல்லா இருக்கும்மா. கல்யாணப் பதிவு சீன்ல ஆபிசர் 'சேகர் அனாக் லெலாகி ஒண்டிவீரன்'னு முழுப் பேரையும் வாசிக்கிறாருல்ல, அப்படியே நம்ம ஊரு மாதிரி இருக்கு லா" என்றார். நான் கைப்பிரதியைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

அத்தையை அடித்தே படுக்கையில் தள்ளிய மாமாவின் கதை அது. வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. மாமாவைச் சேகர் ஆக்கினேன். அத்தை பெயரை, தோட்டத்தின் பெயரை, மோட்டார் சைக்கிளின் நிறத்தைக்கூட மாற்றினேன். பதிவில் 'அனாக் லெலாகி', அதாவது இன்னாரின் மகன் என்று, அப்பா பெயரும் சேர்ந்தே வரும் என்பது மட்டும் உறைக்கவில்லை. ஒண்டிவீரன் என்பது மாமாவின் அப்பாவான என் தாத்தாவின் நிஜப் பெயர். எங்கள் ஊரான பாலோவில் வேறு ஒண்டிவீரன் கிடையாது.

"அதை மாத்தணும்ங்க. இப்ப யாருகிட்டயும் காட்டாதீங்க" என்றேன்.

"அலமாக், அடடா, பாலோக்காரர் ஒருத்தருக்குப் போன வாரமே அனுப்பிட்டேனே. ஊர் விவரம் சரியான்னு பார்க்கத்தான்."

அது யாரென்று கேட்காதது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாமா ஊரில் எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடிப்பவர்.

சற்றுமுன் அம்மா கதவைத் தட்டினாள். "மாமா போன் பண்ணாருடி. காலையில வர்றாராம். உன்னை வேலைக்குப் போவாம இருக்கச் சொன்னாரு."

எதற்கென்று சொல்லவில்லையாம். அண்ணன் வருகிற சந்தோஷத்தில் அம்மா இடியப்பத்துக்கு மாவு வறுக்கிறாள். வாசம் இங்கே வரை வருகிறது.